கீல் ஃபேரிங் (படகு அடித்தகட்ட வழவழப்பா, சரியான வடிவா ஆக்குறது): நாமளே பண்ணலாமா, யார்டுக்கு விடணுமா?

பாய்மரம்24:
பழைய ஜே/24 (24 அடி ரேஸ் பாய்மரப் படகு) ஒண்ணு கைக்கு வந்திருக்கு, கரையேத்தி ஸ்டாண்டுல வச்சாச்சு. ஈயக் கீல், மேல இருக்க பழைய பட்டி பாளம் பாளமா விட்டு நிக்குது. நேரான ரீப்பர் ஒண்ண மேல இருந்து கீழ வச்சு பின்னாடி டார்ச் அடிச்சா நடுவுல நல்லா வெளிச்சம் தெரியுது, அவ்வளவு பள்ளம். ஸ்டார்போர்டு (வலது) பக்கம் கீலோட மூக்கு, அதாவது முன் விளிம்பு கிட்ட உப்பலா இருக்கு, போர்ட் (இடது) பக்கம் தட்டை. யார்டுல கேக்குற காசு எனக்கு கட்டுப்படியாகாது. டெம்ப்ளேட் வெட்டி நானே ஷேப் பண்ணலாம்னு இருக்கேன், என்ன சொல்றீங்க?

வடகாத்து:
தம்பி, தேய்ச்சு வழவழப்பாக்குறது வேற, ஷேப்ப மாத்துறது வேற. முதல் வேலைய யாரும் செய்யலாம், ரெண்டாவதுல கைய வைக்காத. ஈயம் கன சென்டிமீட்டருக்கு 11 கிராமுக்கு மேல, அரை சதுர மீட்டர்ல 2 மில்லி செதுக்கினா 11 கிலோ போச்சு, அதுவும் படகோட அடியில இருந்து, அந்த எடத்துல நீ அப்புற பட்டிக்கு எடையே கெடையாது. இந்த படகுக்கு மொத்த பாலாஸ்ட்டே (கவிழாம நிறுத்துற அடி எடை) சுமார் 430 கிலோதான். ஒன் டிசைன் வேற, எல்லா படகும் ஒரே அளவுல இருக்கணும், அளவு எடுக்கறவர் கனம் பத்தலைன்னுட்டா ரேஸ்லயே எறங்க முடியாது.

பட்டறை_மணி:
அண்ணே எடைக் கணக்கு சரி, ஆனா செதுக்கச் சொன்னது யாரு? மேட்ட தொடாம பள்ளத்த ஏத்துறதுதான் முறை. எதிர்காத்துல கீல் நேரா போறதில்ல, மூணு நாலு டிகிரி பக்கவாட்டுல வழுக்கிக்கிட்டேதான் போகும், அந்த கோணத்துலதான் அது படக புடிச்சு நிறுத்துது. மூக்கு வளைவு ரெண்டு பக்கமும் ஒண்ணா இல்லன்னா ஒரு டாக்ல (காத்த ஒரு பக்கத்துல வாங்கிப் போறப்போ) நல்லா பாயிண்ட் பண்ணும், அதாவது காத்து வர்ற திசைய நெருங்கிப் போகும், இன்னொரு டாக்ல கீழ இறங்கிட்டே இருக்கும், எத்தனை புது பாய் வாங்கினாலும் அது தீராது. இத அப்படியே விடச் சொல்றது சரியில்ல.

வடகாத்து:
ரெண்டு டாக்கும் ஒத்துப்போகலைன்னா முதல்ல மாஸ்ட் நேரா நிக்குதான்னு பாக்கணும், அத பக்கவாட்டுல புடிக்கிற ஷ்ரவுட் கம்பியோட டென்ஷன் பாக்கணும், ரெண்டு பக்க கன்னல்ல (படகோட மேல் ஓரம்) இருந்தும் கீல் நுனிக்கு டேப் புடிச்சு தூரம் ஒண்ணான்னு பாக்கணும். அதெல்லாம் விட்டுட்டு எல்லாரும் பட்டி டப்பாவ தொறந்துடுறாங்க. அதோட பள்ளத்த ஏத்திட்டே போனா கீல் தடிச்சுடும், அதுவும் இழுவைதான்.

பட்டறை_மணி:
அதுக்குத்தான் டெம்ப்ளேட். கிளாஸ் விதியில இருக்க அளவ எடுத்து ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் (அளவு எடுக்கற இடம்) அலுமினிய தகடுல பாதி வடிவம் வெட்டி ரெண்டு பக்கமும் வச்சு பாருங்க, மையக்கோட்ட ஒரு மில்லி நகர்த்தினாலே பாதி பட்டி மிச்சமாகும். வேலைன்னு பாத்தா, ஈயத்த கம்பி பிரஷ் போட்டு பளிச்சுன்னு தேய்ச்ச கையோட எபாக்ஸி தடவிடணும், நேரம் விட்டா ஆக்சைடு படிஞ்சு அப்புறம் பாளமா உரியும், தம்பிக்கு இப்ப உரியுறதும் அனேகமா அதுதான். அப்புறம் மைக்ரோபலூன் (உள்ள காலியான நுண் உருண்டைப் பொடி) கலந்த பட்டி, கவுத்தாலும் வழியாத பதம். பல்லு வச்ச தகடால வரி வரியா இழுத்து, காஞ்சதும் வரியோட தலைய டெம்ப்ளேட் அளவுக்கு லாங்போர்டால (உப்புத்தாள் ஒட்டின நீளக் கட்டை) தேய்ச்சு, அப்புறம் வரிக்கு நடுவுல நிரப்புங்க. ஒரே அடியா அப்புனா அலையலையாத்தான் வரும். காஞ்ச எபாக்ஸி மேல பிசுபிசுன்னு ஒரு படலம் நிக்கும், தண்ணி விட்டு கழுவிட்டுத்தான் உப்புத்தாள் போடணும்.

காத்தாடி:
1983ல ஆஸ்திரேலியா 2ங்கிற படகு கீல மாத்தித்தானே அமெரிக்கா கோப்பை பாய்மரப் போட்டிய ஜெயிச்சுது, 132 வருஷமா நியூயார்க் யாட் கிளப்ப விட்டு போகாத கோப்பை. கீல்ல நேரம் செலவு பண்றது வீணே இல்ல.

வடகாத்து:
அது பென் லெக்சன் வடிவம், நெதர்லாந்துல டேங்க்ல மாடல் விட்டு பாத்துட்டு கட்டினது. ஷெட்ல உக்காந்து கண்ணளவுல தேய்க்கிறதுக்கு அத சாட்சிக்கு கூப்பிடாதீங்க.

அலைமகள்:
யாருமே ஈயத்தூள் பத்தி பேசல, அதான் எனக்கு ஆத்திரமா வருது. ஈயத்துல மெஷின் சாண்டர் வைக்கவே வைக்காதீங்க. எறக்கியே ஆகணும்னா இழைப்புளி, சுருள் சுருளா வரும், தூள் பறக்காது, பொறுக்கி டப்பாவுல போட்டுடலாம். பட்டி தேய்க்கவும் நல்ல ஃபில்டர் மாஸ்க் வேணும். போட்டிருந்த துணிய வீட்டுத் துணியோட தொவைக்காதீங்க, புள்ளைங்க இருக்க வீட்டுல இது விளையாட்டு இல்ல.
பின் விளிம்பு பத்தியும் ஒண்ணு. நெறைய பேர் அழகா உருட்டி விடுறாங்க, உருட்டக்கூடாது. ரெண்டு மூணு மில்லி கனத்துல சதுரமா வெட்டி விடுங்க, முனை கூரா இருக்கட்டும், அப்பதான் தண்ணி சுத்தமா பிரியும். விதியில குறைஞ்ச கனம் இருந்தா அதுக்கு கீழ போகாதீங்க.

பாய்மரம்24:
அக்கா, கடைசியா எத்தனாம் நம்பர் தாள் வரைக்கும் போகணும்? 2000 வரைக்கும் போய் பாலீஷ் போடணும்னு ஒருத்தர் சொன்னார்.

அலைமகள்:
400ல தண்ணி விட்டு தேய்ச்சா போதும். அந்த நேரத்த லாங்போர்டுல போடுங்க, ரெண்டு பக்கமும் 45 டிகிரி சாய்வுல குறுக்கும் நெடுக்குமா. பென்சிலால மேல கிறுக்கிட்டு தேய்ங்க, கிறுக்கல் அழியாத எடம் பள்ளம்.

வடகாத்து:
இது வரைக்கும் எனக்கு ஆட்சேபம் இல்ல. ஆனா தம்பி, டெம்ப்ளேட் வச்சு ரெண்டு பக்க அளவையும் எழுதி இங்க போடு, அதுக்கு அப்புறம் பட்டி கலக்கு. வித்தியாசம் ஒரு மில்லிக்குள்ளன்னா ஷேப் பேச்சையே விட்டுடு.

பட்டறை_மணி:
ஒரு மில்லின்னாலும் மூக்குல இருந்தா நான் விடமாட்டேன்ணே. நடுவுல இருந்தா நீங்க சொல்றது சரி. தம்பி, மூக்குல இருந்து முதல் 10 சென்டிமீட்டருக்கு தனியா அளவு எடுத்து போடுங்க.