அவசரம்: கார் பூரா வெள்ளைப் புள்ளி, எந்த வாஷ்ல விடலாம்? (மதுரை)

திருநகர் தம்பி · வெள்ளி, மாலை 6:40
அண்ணன்மாரே, அவசரம். கார் பூரா வெள்ளை வெள்ளையா புள்ளி, தொடைச்சா போக மாட்டேங்குது. ஞாயித்துக்கிழமை திருப்பரங்குன்றத்துல அக்கா கல்யாணம், நம்ம வண்டிதான் பொண்ணு வண்டி. பைபாஸ் ரோட்டுல விசாரிச்சேன். ஒருத்தர் ஃபோம் வாஷ்ங்கிறார், ஒருத்தர் ஸ்டீம் வாஷ்ங்கிறார், இன்னொரு இடத்துல பிரஷ் சுத்துற ஆட்டோமேட்டிக் மிஷின் இருக்கு. எதுல விட்டா புள்ளி போகும்? நாளைக்கு ஒரு நாள்தான் இருக்கு.

செல்லூர் பாண்டி · 6:52
தம்பி, வண்டி என்ன கலரு? புள்ளி என்னைக்கு வந்துச்சு? கடைசியா எங்க கழுவுனீங்க?

வைகைக்கரை · 6:58
வேப்பமரத்தடியில நிப்பாட்டுறீங்களா? எங்க வண்டியிலயும் இப்படித்தான் இருந்துச்சு. மரத்துல இருக்கிற சின்னப் பூச்சி பிசுபிசுன்னு சொட்டு சொட்டா விடும், அதுல தூசி ஒட்டிப் புள்ளியாயிரும். வெந்நீர்ல நனைச்ச துணிய அஞ்சு நிமிஷம் மேல போட்டு ஊறவிட்டு எடுங்க, போயிரும். எனக்குப் போச்சு.

வாகனப்பித்தன் · 7:05
கேள்வி கேக்கும்போது கலர், தண்ணி, போட்ட சோப்பு இத்தனையும் சொல்லணும்னு எத்தனையோ தடவை எழுதிட்டேன். டாக்டர்கிட்ட போயி எங்க வலிக்குதுன்னு சொல்லாம மாத்திரை கேக்கக்கூடாது.

முதல்ல எந்த வாஷ் எதுக்குன்னு தெரிஞ்சுக்கங்க. ஃபோம் வாஷ்ங்கிறது நுரையைத் தெளிச்சு அழுக்கை ஊறவைக்கிற வேலை. ஊறின மண்ணு தண்ணி அடிச்சதும் தானா இறங்கும், கை போட்டுத் தேய்க்கிறது குறையும். ஸ்டீம்ல நீராவி, ரொம்பக் கொஞ்சம் தண்ணிதான் செலவாகும். சீட்டு, கதவு இடுக்கு, எண்ணெய்ப் பிசுக்குக்கு நல்லது. சேறு அப்பின வண்டிய நேரா ஸ்டீம்ல விட்டுத் துணியால தொடைச்சா மண்ணே பெயிண்ட்டைக் கீறும். பிரஷ் மிஷின் வேகமா முடியும், ஆனா முந்தின வண்டியோட மண்ணு பிரஷ்லயே இருக்கும். பெயிண்ட்டுக்கு மேல இருக்கிற கிளியர் கோட் சுமார் 40, 50 மைக்ரான்தான், தலைமுடியை விட மெல்லிசு. கருப்பு வண்டிய அந்த பிரஷ்ல விட்டா வெயில்ல பாக்கும்போது சிலந்தி வலை மாதிரி கோடு தெரியும். இதெல்லாம் வண்டி வாங்கின அன்னைக்கே தெரிஞ்சிருக்கணும்.

திருநகர் தம்பி · 7:31
கருப்புதான் அண்ணே. மரமெல்லாம் இல்ல, ஷெட்டுலதான் நிக்குது. போன வாரம் ராமேஸ்வரம் போயிட்டு வந்தோம். வந்ததும் ரிங் ரோட்டுல ஒரு வாட்டர் சர்வீஸ்ல விட்டேன். அதுக்கப்புறம்தான் புள்ளி.

செல்லூர் பாண்டி · 7:34
எத்தனை மணிக்கு விட்டீங்க? தொடைச்சாங்களா?

திருநகர் தம்பி · 7:40
மதியம் ஒரு மணி இருக்கும். தொடைக்கல, வெயில்லயே காயட்டும்னு நிப்பாட்டிட்டாங்க.

அண்ணாநகர் வாத்தியார் · 8:02
தம்பி, இது உப்புத் தண்ணியோட வேலை. முப்பது வருஷம் வேதியியல் நடத்தினவன், அந்த உரிமையில சொல்றேன். நம்ம பக்கத்துப் போர் தண்ணியில கால்சியம், மக்னீசியம் உப்பு நிறைய. குடிக்கிற தண்ணியில கரைஞ்ச உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள்ள இருக்கணும்னு இந்தியத் தர அளவு சொல்லுது, வேற வழியில்லேன்னா 2000 வரை. என் வீட்டு போர்ல மீட்டர் வச்சுப் பாத்தேன், 1400 காட்டுச்சு. மதிய வெயில்ல பேனட் கொதிக்கும்போது அந்தத் தண்ணி சொட்டு நின்னு காய்ஞ்சா, தண்ணி ஆவியாகிப் போயிரும், உப்பு அங்கேயே உக்காந்துக்கும். பாத்ரூம் குழாயில வெள்ளையா படியுதே, அதே சரக்கு.

அதனால ஃபோமா ஸ்டீமாங்கிற கேள்வியே இந்தப் புள்ளிக்குப் பொருந்தாது. ஷாம்பு அழுக்கை எடுக்கும், சுண்ணாம்புப் படிவை எடுக்காது. அதுக்குப் புளிப்பு வேணும். மளிகைக்கடை வெள்ளை வினிகர், அதே அளவு நல்ல தண்ணி, ரெண்டையும் கலந்துக்கங்க. வண்டி நிழல்ல இருக்கணும், தகரம் தொட்டா சில்லுன்னு இருக்கணும். முதல்ல தூசியைக் கழுவி எடுத்துட்டு, ஒரு கதவு அளவுக்கு மட்டும் நனைச்ச துணிய வச்சு ஒரு நிமிஷம் விடுங்க. மெதுவா தொடைச்சு, உடனே கேன் தண்ணி ஊத்திக் கழுவி, மைக்ரோஃபைபர் துணியால ஈரம் ஒத்தி எடுங்க. காயவிடாதீங்க. அப்புறம் விரலால தடவிப் பாருங்க. சொரசொரன்னு இருந்தா இன்னொரு தடவை செய்யலாம். வழவழன்னு இருந்தும் புள்ளி தெரிஞ்சா உப்பு பெயிண்ட்டை அரிச்சிருக்குன்னு அர்த்தம், அதுக்குப் பாலிஷ்தான்.

மேலூர் லாரிக்காரர் · 8:20
எல்லாரும் மேலயே பாக்குறீங்க. ராமேஸ்வரம் போன வண்டிக்கு அடியில உப்புக்காத்தும் கடல் மண்ணும் ஏறியிருக்கும். கடற்கரைப் பக்கம் மணல்ல இறக்கியிருந்தா கேக்கவே வேணாம். அடியில நல்லா பிரஷர் அடிச்சுட்டு டீசல் ஸ்ப்ரே பண்ணிருங்க. துரு அண்டாது. டீசல் வாடைக்கு எலியும் வராது. இருபது வருஷமா எங்க வண்டிக்கு அதைத்தான் செய்றோம்.

வாகனப்பித்தன் · 8:26
அடியில கழுவணும்ங்கிறது வரைக்கும் சரி. டீசல் கூடவே கூடாது. காருக்கு அடியில இருக்கிற ரப்பர் புஷ் (இரும்புப் பாகம் சேருற இடத்துல அதிர்வைத் தாங்குற ரப்பர்) எல்லாம் டீசல் பட்டா ஊதிக் கெட்டுப்போகும். போதாததுக்கு ஈரப்பசையில தூசி அப்பிக்கும்.

மேலூர் லாரிக்காரர் · 8:33
எங்க லாரி இன்னும் ஓடிக்கிட்டுத்தான் இருக்கு. கிரானைட் தூசியில நாள் பூரா நிக்கிற வண்டி அது.

வாகனப்பித்தன் · 8:37
லாரி லீஃப் ஸ்பிரிங்ல, அதாவது அடுக்கி வச்ச இரும்புப் பட்டையில நிக்கிற வண்டி. இது கார். ரெண்டையும் ஒண்ணாக்காதீங்க.

வைகைக்கரை · 8:41
எலிக்கு டீசல் எல்லாம் சும்மா. எங்க வண்டியில டீசல் அடிச்ச மறுவாரமே வயரைக் கடிச்சிருச்சு. புகையிலை மூட்டை கட்டி வச்ச பிறகுதான் நின்னுச்சு.

மேலூர் லாரிக்காரர் · 8:44
புகையிலையை எங்க ஊரு எலி இழுத்துட்டுப் போயிருச்சு.

செல்லூர் பாண்டி · 8:50
அண்ணே, எலிய நாளைக்குப் பேசுவோம். தம்பி, இப்படிச் செய்யுங்க. நாளைக்கு வெள்ளன ஆறு மணிக்கே, வெயில் ஏறுறதுக்குள்ள, ஃபோம் வாஷ்ல விடுங்க. அடியிலயும் மட்கார்டு உள்பக்கமும் தண்ணி அடிக்கச் சொல்லுங்க. பிரஷர் கன்னை பாடிக்கு ஒரு அடியாவது தள்ளிப் பிடிக்கணும், ஏற்கெனவே உரிஞ்ச பெயிண்ட் இருந்தா கிட்டப் பிடிச்சா பேந்துக்கும். எஞ்சினுக்குள்ள தண்ணி அடிக்க விடாதீங்க. பக்கத்துலயே நின்னு தொடைக்க வைங்க, துணி நீங்களே கொண்டு போங்க. வீட்டுக்கு வந்து நிழல்ல வச்சு வாத்தியார் சொன்ன வினிகர் வேலை.

கோரிப்பாளையம் அக்கா · 9:10
தம்பி, ஒண்ணு மறந்துறாதீங்க. பூ அலங்காரம் பண்றவங்க பேனட்ல நேரா டேப்பை ஒட்டிருவாங்க. வெயில்ல பசை இறங்கி, உரிக்கும்போது கருப்பு வண்டியில தடம் அப்படியே தெரியும். என் தம்பி கல்யாணத்துல பாத்து மனசு ஆறல. கிரில்லுலயும் கண்ணாடியிலயும் நூல் கட்டி மாலையை மாட்டச் சொல்லுங்க. தூசி மேல ரிப்பன் கட்டுனா ஓடும்போது உரசிக் கோடு விழும், அதனால கழுவின வண்டிக்குத்தான் கட்டணும்.

செல்லூர் பாண்டி · சனி, மதியம் 1:15
தம்பி, என்னாச்சு?

வாகனப்பித்தன் · இரவு 9:48
பதிலைக் காணோம். வினிகரைக் காய விட்டிருக்க மாட்டாருன்னு நம்புறேன்.

திருநகர் தம்பி · திங்கள், காலை 10:05
கல்யாணம் நல்லபடியா முடிஞ்சது. ஆறரைக்கு ஃபோம் வாஷ், அப்புறம் வினிகர். கதவு, டிக்கி எல்லாம் சுத்தமா போயிருச்சு. பேனட்ல மட்டும் இன்னும் லேசா தெரியுது, மாலை மறைச்சிருச்சு. டேப் ஒட்ட விடல அக்கா. எல்லாருக்கும் நன்றி.

அண்ணாநகர் வாத்தியார் · 10:30
மணமக்களுக்கு என் வாழ்த்து. எஞ்சின் சூட்டுல பேனட்லதான் தண்ணி சீக்கிரம் சுண்டும், அதனால அங்கே படிவு கூடுதல். தடவிப் பாத்தா வழவழன்னு இருக்கா, சொரசொரன்னு இருக்கா?

செல்லூர் பாண்டி · 11:02
அடியில தண்ணி அடிச்சாங்களா தம்பி?