மாருதி 800: ஐம்பதைத் தாண்டினால் அடியில் ஒரே இரைச்சல், பேரிங்கா, கியர் பாக்ஸா?

வில்லாபுரம் 800:
வணக்கம். 1999 மாடல் மாருதி 800. ஐம்பதைத் தாண்டினால் மாவு கிரைண்டர் ஓடுகிற மாதிரி ஓர் இரைச்சல். எழுபதில் பக்கத்தில் இருப்பவர் பேசுவது காதில் விழாது. போன மழையில் மணிநகரம் கர்டர் பாலத்துக்கு அடியில் தேங்கிய தண்ணீரில் இறங்கி ஏறினேன், அதற்கப்புறம்தான் ஆரம்பம். பட்டறையில் டயர் சத்தம் என்றார்கள். முன் டயர் இரண்டும் மாற்றியாயிற்று, சத்தம் போகவில்லை. இப்போது கியர் பாக்ஸை இறக்க வேண்டும் என்கிறார்கள். என் காதுக்கு இடது சீட்டுக்கு அடியிலிருந்து வருவதாகப் படுகிறது. பரமக்குடியில் ஒரு கல்யாணம் வருகிறது. இதே வண்டியில் போகலாமா?

ஒத்தக்கடை மெக்கானிக்:
கியர் பாக்ஸில் இப்போதைக்கு யாரையும் கை வைக்க விடாதீங்க அண்ணே. மேலூர் ரோட்டில் கூட்டம் இல்லாத நேரமாகப் போங்க. அறுபதில் கிளட்சை மிதித்து நியூட்ரலுக்குத் தள்ளி, வண்டியைத் தானாக ஓட விடுங்க. இன்ஜினை மட்டும் அணைத்துவிடாதீங்க, பிரேக் கனத்துப்போகும், சாவியை வெளியே எடுத்துவிட்டால் ஸ்டியரிங்கும் பூட்டிக்கொள்ளும். இன்ஜின் வேகம் இறங்கியும் இரைச்சல் அதே அளவில் இருந்தால் அது சக்கரத்தோடு சுற்றுகிற ஏதோ ஒன்று. வண்டி வேகம் குறையக் குறையத்தான் அடங்கும்.

அப்புறம் அதே வேகத்தில் ஸ்டியரிங்கை லேசாக இடது, வலது என்று அசைத்துப் பாருங்க. இடது பக்கம் திருப்பினால் பாரம் வலது சக்கரத்தில் இறங்கும். அப்போது சத்தம் கூடினால் வலது பேரிங். காதை நம்பாதீங்க. பாடி தகடு முழுக்கச் சத்தத்தைக் கடத்தும், எந்தப் பக்கம் என்று காதால் சொல்ல முடியாது.

அம்பாசடர் தாத்தா:
தம்பி, இதெல்லாம் எதற்கு? சக்கரம் மாட்டுகிற ஹப்பைக் கழற்றி, பேரிங்கை மண்ணெண்ணெயில் கழுவி, புது கிரீஸ் வைத்து மூடினால் போதும். எங்கள் காலத்தில் அப்படித்தான்.

ஒத்தக்கடை மெக்கானிக்:
ஐயா, சத்தம் வருவதற்கு முன்னால் செய்தால் அது நல்ல வேலைதான். தண்ணீர் உள்ளே போய்த் துருப்பிடித்து, குண்டு ஓடுகிற பாதை பொத்தல் விழுந்த பிறகு கிரீஸ் அதை நிரப்பாது. கொஞ்ச நாள் அமுங்கிக் கிடக்கும், பிறகு இன்னும் பலமாகக் கத்தும்.

வில்லாபுரம் 800:
பார்த்துவிட்டேன். நியூட்ரலிலும் சத்தம் அப்படியே வருகிறது. இடது பக்கம் திருப்பினால் கூடுகிறது, வலது பக்கம் திருப்பினால் சுத்தமாக நின்றுவிடுகிறது. அப்படியென்றால் வலது பக்கமா? முன்னா, பின்னா?

ஒத்தக்கடை மெக்கானிக்:
வலதுதான். முன்னா பின்னா என்பதை ஜாக்கி சொல்லும். மற்ற சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தி, ஒரு கையால் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே மறு கையின் விரல் நுனியைச் சுருள் ஸ்பிரிங்கில் வையுங்க. நல்ல பேரிங் என்றால் ஒன்றும் தெரியாது. கெட்டது நறநறவென்று விரலில் ஏறும்.

சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டியும் பாருங்க. ஆட்டம் இருந்தால் ஒருவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்க. மிதித்ததும் ஆட்டம் நின்றால் பேரிங், நிற்காவிட்டால் சக்கரத்தைக் கீழ்க் கையோடு இணைக்கிற பால் ஜாயிண்ட். ஆட்டம் இருந்தால் பரமக்குடிக்கு பஸ்தான்.

வில்லாபுரம் 800:
முன் வலது ஸ்பிரிங்கில் நறநறப்பு நன்றாகத் தெரிகிறது. லேசான ஆட்டமும் உண்டு, பிரேக் மிதித்தால் நிற்கிறது. நம்ம பட்டறையில் சுத்தியலால் அடித்து ஏற்றித் தருகிறேன் என்கிறார். சரியா?

ஒத்தக்கடை மெக்கானிக்:
சரியே இல்லை. பேரிங் உட்கார்ந்திருக்கிற இரும்புப் பகுதியான நக்கிளை மட்டும் கழற்றி, அழுத்தி ஏற்றுகிற பிரஸ் வைத்திருக்கிற லேத் பட்டறைக்குக் கொண்டு போங்க. நக்கிளுக்குள் பேரிங்கை இறக்கும்போது வெளி வளையத்தில்தான் அழுத்தம் விழ வேண்டும். ஹப்பை ஏற்றும்போது உள் வளையத்துக்கு அடியில் முட்டுக் கொடுக்க வேண்டும். மாற்றிச் செய்தால் அழுத்தம் குண்டுகள் வழியாகப் போய்ப் பாதையில் குழி விழும், புது பேரிங்கே கத்த ஆரம்பிக்கும். பழைய உள் வளையம் ஹப்பிலேயே ஒட்டிக்கொண்டு வரலாம். அதை எடுக்கும்போது ஹப்பைக் கீறிவிடாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்க.

தண்ணீரைத் தடுக்கிற ரப்பர் வளையமான ஆயில் சீலைப் புதிதாகவே போடுங்க, தண்ணீர் புகுந்த வழியே அதுதான். ஆக்சில் நட்டை சக்கரம் தரையில் நிற்கும்போது அளவு பார்த்து முறுக்குகிற டார்க் ரெஞ்சில் முறுக்கி, நட்டு கழலாமல் பிடிக்கிற ஸ்பிளிட் பின்னைப் புதிதாக மாட்டுங்க. பழைய பேரிங்கைக் கையோடு எடுத்துப்போய், அதில் வெட்டியிருக்கும் எண்ணைக் காட்டி வாங்குங்க. பெட்டி பளபளவென்று இருந்து, பேரிங்கில் எழுத்து மங்கலாக இருந்தால் வேறு கடை பாருங்க.

வில்லாபுரம் 800:
மாற்றியாயிற்று. பழைய உள் வளையத்தில் நகம் மாட்டுகிற அளவுக்கு ஓரிடத்தில் பொரிந்து போயிருந்தது, கிரீஸ் காபி நிறத்தில் இருந்தது. இப்போது எண்பதிலும் ரேடியோ கேட்கிறது. நன்றி தம்பி.

உசிலை ஆம்னி:
இடையில் ஒரு சந்தேகம். என் வண்டி நிற்கும்போது, நியூட்ரலில் இன்ஜின் ஓடினாலே கிர்ரென்று சத்தம், கிளட்சை மிதித்தால் போய்விடுகிறது. இதுவும் சக்கர பேரிங்தானா?

ஒத்தக்கடை மெக்கானிக்:
நிற்கிற வண்டியில் சக்கர பேரிங் கத்தாது சார். மிதித்தால் சத்தம் நிற்கிறது என்றால் இன்ஜின் சுழற்சியைக் கியர் பாக்ஸுக்குள் கொண்டுபோகிற இன்புட் ஷாஃப்ட்டின் பேரிங் பக்கம் சந்தேகம். மிதிக்கும்போது மட்டும் வந்தால் கிளட்ச் ரிலீஸ் பேரிங். முதலில் கியர் ஆயில் அளவைப் பாருங்க. குறைந்திருந்தால் எங்கே ஒழுகுகிறது என்று தேடுங்க, பிறகு பேசலாம்.