மறு: ஹார்டுவேர் வாலட்டுக்குத் தமிழ்ச்சொல் – வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது

ம., கோவை (செவ்வாய் காலை)

அனைவருக்கும் வணக்கம்.

எங்கள் வாசகசாலையில் வரும் ஞாயிறு ஒரு வகுப்பு வைத்திருக்கிறோம். கிரிப்டோ வாங்கியவர்கள் அதைச் சந்தைக் கணக்கிலேயே விட்டுவிடாமல், தனிக் கருவி ஒன்றில் தாங்களே காத்துக்கொள்வது எப்படி என்று எட்டுப் பக்கக் கையேடு தயாராகிறது. 2024 ஜூலையில் வாசிர்எக்ஸ் சந்தையிலிருந்து ஏறத்தாழ 23 கோடி டாலர் திருடு போனதிலிருந்து இதைக் கேட்டு வருகிறவர்கள் கூடிவிட்டார்கள். பெரும்பாலும் பனியன் கம்பெனிக் கணக்கர்கள், கடைக்காரர்கள், இரண்டு மூன்று ஓய்வுபெற்ற ஆசிரியர்கள்.

இரண்டு சொற்களில் நிற்கிறேன். அந்தத் தனிக் கருவியை ஆங்கிலத்தில் ஹார்டுவேர் வாலட் என்கிறார்கள், அதற்கு இப்போதைக்கு "வன்பொருள் பணப்பை" என்று போட்டிருக்கிறேன். சீட் ஃபிரேஸ் என்பது கருவியை முதலில் அமைக்கும்போது அது தரும் 24 சொற்கள், கருவி போனாலும் அவற்றை வைத்துப் பணத்தைத் திரும்பப் பெறலாம். அதற்கு "கடவுச்சொற்றொடர்" என்று போட்டிருந்தேன், அதை எடுத்தே ஆகவேண்டும். போன வகுப்பில் ஒரு பெரியவர் அந்தச் சொல்லைப் பார்த்து, இதுவும் கடவுச்சொல் போலத்தான் என்று எண்ணி, 24 சொற்களையும் கைப்பேசியில் திறந்த ஏதோ ஒரு வலைப்பக்கத்தில் தட்டிவிட்டார். பயிற்சிக்காக வைத்திருந்த வெற்றுக் கருவி என்பதால் தப்பித்தோம். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. நான் போட்ட சொல்தான் அவர் கையைப் பிடித்து அங்கே கொண்டுபோனது.

வெள்ளி மாலைக்குள் சொல் வேண்டும். உதவுங்கள்.


ஆ., நாகர்கோவில் (செவ்வாய் மாலை)

அம்மா, நல்ல வேலை செய்கிறீர்கள்.

"பணப்பை" நேற்று வந்த சொல் போல வெறுமையாக இருக்கிறது. நம்மிடம் "கிழி" இருக்கிறது. துணியைக் கிழித்து அதில் பொன்னை முடிந்ததால் கிழி. தருமிக்குப் பாண்டியன் வைத்த பரிசு பொற்கிழி. முடிச்சை அவிழ்க்கிற உரிமை உடையவனுக்கு மட்டும் என்பதும் அந்தச் சொல்லுக்குள் இருக்கிறது. "மறைக்கிழி" என்று சொல்லிப் பாருங்கள். மறையீட்டு நாணயத்துக்கு, அதாவது கிரிப்டோவுக்கு உரிய கிழி, மறைத்து வைக்கும் கிழி, இரண்டும் வந்துவிடுகின்றன.

"வன்" பற்றியும் ஒன்று. வன்பொருள் சரி. அதைப் பார்த்து "வன்தட்டு" என்று எழுதத் தொடங்கினார்கள். புணர்ச்சிப்படி அது "வன்றட்டு" ஆகவேண்டும். பொன் + தீது பொன்றீது ஆவது போல. இருபது ஆண்டுகளாகச் சொல்லி வருகிறேன். இப்போது "வன்பணப்பை" என்று யாராவது தொடங்கினால் பை கல்லால் ஆனதா என்று படிப்பவர் கேட்பார்.


சே., சென்னை (செவ்வாய் இரவு)

ஐயா, மறைக்கிழி காதுக்கு இனிமையாக இருக்கிறது. ஆனால் அந்தக் கருவிக்குள் ஒரு காசும் இல்லை. அதனால் பை, கிழி, பெட்டகம் எல்லாமே தவறான படத்தைத்தான் தருகின்றன.

யாரிடம் எவ்வளவு என்பது உலகம் முழுக்கப் பல்லாயிரம் கணினிகளில் ஒரே மாதிரி எழுதப்பட்டிருக்கும் பேரேட்டில் இருக்கிறது. கருவியில் இருப்பது சாவி மட்டும். பணம் அனுப்ப வேண்டுமானால் கணினி ஒரு ஓலையை எழுதிக் கருவிக்கு அனுப்புகிறது. கருவி தன் சிறு திரையில் தொகையையும் முகவரியையும் காட்டுகிறது. நாம் பொத்தானை அழுத்தினால் உள்ளேயே ஒப்பமிட்டு ஓலையைத் திருப்பித் தருகிறது. சாவி வெளியே வருவதே இல்லை. கணினியில் எத்தனை நச்சுநிரல் இருந்தாலும் கருவியின் திரையைப் படித்துவிட்டு அழுத்துகிறவரை ஏமாற்றுவது கடினம்.

இந்தப் படம் தவறினால் காசு போகும். "பை" என்று நம்புகிறவர் கருவி தொலைந்தால் எல்லாம் போச்சு என்று நினைக்கிறார். கருவி பத்திரமாக இருந்தால் போதும் என்று அந்த 24 சொற்களை எழுதிய தாளைக் குப்பையில் போடுகிறார். உண்மை நேர் எதிர். கருவி உடையலாம், புதிது வாங்கிக்கொள்ளலாம். தாள் போனால், அப்புறம் கருவியும் கெட்டால், மீட்க உலகத்தில் யாராலும் முடியாது.

செய்கிறவர்களே பெயரில் இரு பக்கமும் போயிருக்கிறார்கள். 2014-இல் முதலில் விற்பனைக்கு வந்த ட்ரெசர், செக் மொழியில் பெட்டகம். பிரான்சின் லெட்ஜர் என்றால் பேரேடு. என் ஓட்டு "ஒப்பமிடும் கருவி".


கு., யாழ்ப்பாணம் (புதன் காலை)

வணக்கம். சே. அண்ணை சொன்னது சரி. எங்கட பக்கத்தில் கையெழுத்திடுவதைக் கைச்சாத்திடுதல் என்போம். ஒப்பந்தம் என்றால் செய்தித்தாளில் அப்படித்தான் வரும். "கைச்சாத்துக் கருவி" என்று வைத்தால் இங்கே ஒருவரும் அர்த்தம் கேட்க மாட்டார்கள்.

சாவியைத்தான் முன்னுக்குக் கொண்டுவர வேண்டுமென்றால் "திறப்பு" இருக்கிறது. நாங்கள் வீட்டுத் திறப்பு, மோட்டார் சைக்கிள் திறப்பு என்றுதான் சொல்கிறோம். சுத்தத் தமிழ், சின்னச் சொல். "தனித்திறப்பு", "பொதுத்திறப்பு", "திறப்புக்கருவி" என்று தொடர்ந்து கட்டிக்கொண்டே போகலாம்.


ம., கோவை (புதன் காலை)

கு. தம்பி, திறப்பு எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் இங்கே திறப்பு என்றால் திறப்பு விழாதான். "உங்கள் திறப்பை யாரிடமும் கொடுக்காதீர்கள்" என்று எழுதினால் என் வகுப்பில் யாருக்கும் புரியாது. கைச்சாத்தும் அப்படியே. "சாவி" என்றால் ஒரு நொடிகூட ஆகாது.


ஆ., நாகர்கோவில் (புதன் நண்பகல்)

சாவி போர்த்துகீசியச் சொல். ஜன்னலும் அலமாரியும் வந்த கப்பலிலேயே வந்தது. திறவுகோல் இருக்க, "திறவுகோற்கருவி" இருக்க, புதுக் கலைச்சொல்லின் வேரிலேயே இரவல் சொல்லை வைப்பானேன்?


பா., மதுரை (புதன் மாலை)

ஐயா மேல் எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். சாவி வந்து 400 ஆண்டுக்கு மேல் ஆகிறது. எங்கள் பாட்டி இடுப்பில் செருகியிருந்தது சாவிக்கொத்துதான், திறவுகோற்கொத்து இல்லை.

இன்னும் ஒரு படி மேலே போய், "ஹார்டுவேர் வாலட்" என்றே தமிழில் எழுதுங்கள் என்கிறேன். பெட்டியில் அதுதான் அச்சாகியிருக்கிறது, செயலியிலும் அதுதான் வருகிறது. கையேட்டில் ஒரு சொல்லும் திரையில் வேறொரு சொல்லுமாக இருந்தால் அவர் என்ன செய்வார்? குழம்பி, இணையத்தில் முன்பின் தெரியாத ஒருவரைக் கேட்பார். அந்த ஒருவர்தான் "உங்கள் சொற்களை அனுப்புங்கள், சரிசெய்து தருகிறேன்" என்பவர். 2020-இல் லெட்ஜர் வாடிக்கையாளர்கள் 2 இலட்சத்து 70 ஆயிரம் பேருக்கு மேற்பட்டவர்களின் விவரம் வீட்டு முகவரி, தொலைபேசி எண்ணோடு கசிந்தது. அடுத்த ஆண்டு சிலர் வீட்டுக்குப் "பழையதில் கோளாறு, இதற்கு மாறுங்கள்" என்ற கடிதத்தோடு போலிக் கருவியே தபாலில் வந்தது. பயந்திருப்பவரிடம் தூய சொல்லைக் கொடுத்துச் சோதிக்க வேண்டாம்.


ஆ., நாகர்கோவில் (புதன் இரவு)

பா. சொல்வதில் உள்ள அக்கறை புரிகிறது. ஆனால் எல்லா இடத்திலும் அதே நியாயத்தைச் சொன்னால் மென்பொருள், இணையம், மின்னஞ்சல் எதுவும் வந்திருக்காது.

சே. தம்பியின் விளக்கத்தைப் படித்த பிறகு கிழியை நானே கைவிட்டுவிட்டேன். இரவெல்லாம் யோசித்ததில் ஒன்று கிடைத்தது. "கணையாழி". ஆழி என்றால் மோதிரம். கணையாழி முத்திரை மோதிரம். அதற்குள் கருவூலம் இல்லை, ஆனால் அது பதிந்த ஓலைக்குத்தான் கருவூலம் திறக்கும். அசோகவனத்தில் அனுமனை யார் என்று சீதை ஐயுற்றபோது பேச்சு எடுபடவில்லை, கணையாழி எடுபட்டது. அவளும் சும்மா விடவில்லை, பதிலுக்குச் சூடாமணியைக் கொடுத்தனுப்பினாள். ஒருவர் கேட்க மற்றவர் மெய்ப்பிக்கும் முறை முழுதும் அங்கே இருக்கிறது. இதைவிடப் பொருத்தமாக வேறு சொல் நம் மொழியில் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.


சே., சென்னை (வியாழன் காலை)

ஐயா, படித்ததும் சிலிர்த்துவிட்டது. ஓலை மோதிரத்திடம் வருகிறது, மோதிரம் விரலை விட்டுப் போவதில்லை. கருவி வேலை செய்யும் விதமே அதுதான். ஒரே தயக்கம், அனுமன் கையில் கணையாழி இராமனை விட்டுப் போய்விட்டது. நம் சாவி அப்படிப் போகக்கூடாது. கதை தெரிந்தவருக்கு அந்த இடம்தான் முதலில் நினைவுக்கு வரும்.

சீட் ஃபிரேஸ் பற்றி யாரும் பேசவில்லை. ம. அம்மாவுக்கு அதுதான் அவசரம்.


ம., கோவை (வியாழன் காலை)

ஆமாம், அதைச் சொல்லுங்கள். "மீட்புச்சொற்கள்" என்று ஒரு நண்பர் சொன்னார்.


பா., மதுரை (வியாழன் நண்பகல்)

மீட்பு வேண்டாம். நான் வங்கியில் இருந்தவன். மீட்பு என்றால் அடகு நகை மீட்பு. கவுண்டரில் ஒருவரிடம் சீட்டைக் கொடுத்தால் அவர் நகையைத் தருவார். இங்கே அந்த "ஒருவர்" கிடையாது. "உங்கள் பணத்தை மீட்டுத் தருகிறோம்" என்றுதான் திருடனும் வருகிறான், அவன் வாயில் இருக்கும் சொல்லையே நாமும் வைக்க வேண்டாம்.


ஆ., நாகர்கோவில் (வியாழன் நண்பகல்)

"வித்துச்சொற்கள்". வள்ளுவர் 85-ஆம் குறளில் "வித்தும் இடல்வேண்டும் கொல்லோ" என்கிறார். ஆனால் விதை என்றாலும் எனக்கு மறுப்பில்லை, ஏனென்றால் எங்கள் நாஞ்சில் நாட்டில் விதைக்கோட்டை என்று ஒன்று உண்டு. விதைநெல்லை வைக்கோல் பிரியால் உருண்டையாகச் சுற்றி இறுக்கிக் கட்டிவைப்பார்கள். எலி, பூச்சி, ஈரம் எதுவும் அண்டாது. ஒரு கோட்டை 21 மரக்கால். வீட்டில் அரிசி தீர்ந்தாலும் அதில் கை வைக்க மாட்டார்கள். இரவல் கேட்டால்கூட அதிலிருந்து எடுத்துக் கொடுக்க மாட்டார்கள். என் தாயார் அதன் மேல் கால் படாமல் நடக்கச் சொல்லி வளர்த்தார். அந்த 24 சொற்களை எப்படி நடத்த வேண்டும் என்று கேட்டால் நான் அந்தக் கோட்டையைத்தான் காட்டுவேன்.


சே., சென்னை (வியாழன் மாலை)

விதைநெல் உவமை நுட்பத்துக்கும் பொருந்துகிறது. ஒரே விதையிலிருந்து ஆயிரக்கணக்கான சாவிகள் முளைக்கின்றன. கறாராகச் சொன்னால் சொற்களே விதை அல்ல. சொற்களை 2048 முறை கடைந்தெடுத்த பிறகு வருவதுதான் 512 பிட்டு விதை. ஆகவே "விதை" என்று மட்டும் சொல்லாமல் "விதைச்சொற்கள்" என்பதே சரி.

இன்னொரு முக்கியமான விஷயம். இந்தச் சொற்களைக் கருவிகள் எந்தப் பட்டியலிலிருந்து எடுக்க வேண்டும் என்று சொல்லும் பொது முறை பிப்39. 2013-இல் வந்த அந்த முறையின் பட்டியலில் 2048 சொற்கள். ஜப்பானியம், கொரியம், பிரெஞ்சு, செக் எல்லாம் உண்டு, தமிழ் இல்லை. ஆகவே நம்மவர் ஆங்கிலச் சொற்களைத்தான் எழுதிவைக்க வேண்டும், அதுவும் ஆங்கில எழுத்தில். தமிழ் எழுத்தில் எழுதினால் "ரைட்" எந்த ரைட்? வலது என்பதும் பட்டியலில் இருக்கிறது, எழுது என்பதும் இருக்கிறது. "கார்ட்" என்றால் அட்டையா, வண்டியா? இரண்டும் இருக்கின்றன. ஆங்கிலத்தில் முதல் நான்கு எழுத்து சரியாக இருந்தால் போதும், எந்தச் சொல் என்று தெரிந்துவிடும்.


ஆ., நாகர்கோவில் (வியாழன் மாலை)

அப்படியானால் தமிழுக்கு 2048 சொற்பட்டியல் ஒன்று செய்யத்தான் வேண்டும். நான் தொடங்குகிறேன்.


சே., சென்னை (வியாழன் மாலை)

செய்யலாம் ஐயா, ஆனால் தனி இழையில். "கொ" என்ற எழுத்தின் ஒகரத்தைக் கணினி ஒரே குறியாகவும் வைக்கும், கொம்பும் காலுமாக இரண்டு குறியாகவும் வைக்கும். அதிலிருந்து தொடங்க வேண்டும். தவிர, ஆங்கிலம் அல்லாத பட்டியலைப் பல கருவிகள் ஏற்பதே இல்லை.


ம., கோவை (வியாழன் இரவு)

எல்லோருக்கும் நன்றி. அச்சகத்திலிருந்து இரண்டு முறை கேட்டுவிட்டார்கள், அதனால் இப்படி முடிக்கிறேன்.

"சாவிக்கருவி". முதலில் வரும் இடத்தில் மட்டும் "கடையில் ஹார்டுவேர் வாலட் என்பார்கள்" என்று ஒரு வரி. சே., பா. இருவரும் தனிமடலில் சம்மதம் சொன்னார்கள். ஒப்பம் என்ற கருத்து பெயரில் வரவில்லை, மூன்றாம் பக்கத்தில் ஓலைக் கதையாகச் சேர்த்துவிட்டேன். "விதைச்சொற்கள்" எல்லோருக்கும் உடன்பாடு. அதன் கீழே: தாளில் எழுதுங்கள், முடிந்தால் எஃகுத் தகட்டில் பொறியுங்கள், படம் எடுக்காதீர்கள், எந்தத் திரையிலும் தட்டாதீர்கள், கருவியைத் தவிர. பெட்டிக்குள்ளேயே சொற்கள் எழுதி வந்தால் அது திருடனின் விதை.


சே., சென்னை (வியாழன் இரவு)

ஆறாம் பக்கத்தில் ஒன்று சேருங்கள் அம்மா. சொற்களை எழுதி முடித்ததும் கருவியை வேண்டுமென்றே அழித்துவிட்டு, எழுதிய தாளை வைத்து மறுபடி அமைத்துப் பார்க்க வேண்டும். லெட்ஜரில் பின் எண்ணை மூன்று முறை தவறாகப் போட்டால் தானே அழிந்துவிடும். முதல் முகவரி முன்பு போலவே வந்தால்தான் பணம் அனுப்பலாம், அதுவும் முதலில் சிறு தொகை. விதையை முளைக்கவைத்துப் பார்க்காமல் யாரும் வயல் முழுக்க விதைப்பதில்லை.


ஆ., நாகர்கோவில் (வெள்ளி காலை)

சேர்த்தது நன்று. சாவிக்கு என் உடன்பாடு இல்லை என்பதைப் பதிவுக்காகச் சொல்லிவைக்கிறேன். நான் எழுதும் இடங்களில் கணையாழி என்றே எழுதுவேன். "விதைச்சொற்களைப்" என்ற இடத்தில் ஐந்தாம் பக்கத்தில் ஒற்று விடுபட்டிருக்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள்.


கு., யாழ்ப்பாணம் (வெள்ளி காலை)

ம. அக்கா, கையேட்டுக் கோப்பினை எனக்கும் அனுப்புங்கள். இங்கே ஒரு நூறு பிரதி எடுக்கலாம் என்று இருக்கிறோம். அதில் சாவியை எல்லாம் திறப்பு என்று மாற்றிக்கொள்வேன். விதைச்சொற்கள் அப்படியே இருக்கட்டும்.