கருவேலத்த ஒரு தட்டு தட்டினா பத்துப் புள்ளியா?

நிரல்வேலன்:
"கேம் ஆடி எவனும் கண்மாயக் காப்பாத்தப் போறதில்ல"ன்னு பக்கத்து விவாதத் திரியில ஒருத்தர் எழுதியிருந்தார். அவருக்காகவே இது. பள்ளிப் பிள்ளைகளுக்கு நாங்க மூணு பேரு ஒரு கேம் செய்றோம். தண்ணி வர்ற வரத்துக்கால், பாசனத்துக்குத் திறக்குற மடை, மிஞ்சின தண்ணி வழியுற கலுங்கு எல்லாம் உண்டு. குப்பை பொறுக்கினா 2 புள்ளி, கரையில பனை வச்சா 5, சீமைக்கருவேலத்த ஒரு தட்டு தட்டி அழிச்சா 10. ஆறாம் வகுப்புப் பசங்க போனைத் திருப்பித் தரவே மாட்டேங்கிறாங்க.

முதுகுளத்தூரான்:
எழுதினது நான்தான், தம்பி. ஒரு தட்டுல கருவேலம் போயிருமா? தூரு, அதான் வேரோட நிக்கிற அடிக்கட்டை, என்னாச்சு?

நிரல்வேலன்:
அண்ணே, இது கேம். எல்லாத்தையும் அப்படியே காட்ட முடியாது.

முதுகுளத்தூரான்:
குப்பையக் காட்டத் தெரியுது, தூரக் காட்டத் தெரியலையா? எங்க ஊருக் கண்மாயில குத்தகைக்காரன் விறக ஏத்திக்கிட்டு தூர அப்படியே விட்டுட்டுப் போனான். ஐப்பசி மழை ரெண்டு விழுந்துச்சு, ஒவ்வொரு தூர்லயும் ஏழெட்டுக் கொப்பு. முன்ன ஒத்த மரமா நின்ன இடத்துல புதர். ஆடு போயி நெத்தத் தின்னுட்டு அடுத்த கண்மாயில புழுக்கை போட்டுச்சு, அங்கயும் முளைச்சிருச்சு. உன் கேம்ல ஆடு இருக்கா?

பனங்காட்டு நரி:
10 புள்ளி போதாது, 50 குடுங்க. காத்துல இருக்க ஈரத்தையே உறிஞ்சுற மரம். காமராசர் காலத்துல தூவிட்டுப் போனது, இன்னைக்கு வரைக்கும் அனுபவிக்கிறோம்.

முதுகுளத்தூரான்:
வாங்க வாட்ஸப் விஞ்ஞானி. மரம் இலை வழியா ஈரத்த வெளிய விடும்னு அந்த ஆறாம் வகுப்புப் புத்தகத்துலயே இருக்கும். ஜமைக்காவுல இருந்து விதை வந்து ஆந்திராவுல கடப்பைப் பக்கம் போட்டது 1870-கள்ல. காமராசர் பிறந்தது 1903. பிறக்கறதுக்கு முன்னாடியே தூவினாரோ?

பனங்காட்டு நரி:
நம்ம ஜில்லாவுக்கு வந்ததச் சொன்னேன். உங்களுக்கு இந்த மரக் கரி வியாபாரம், அதான் மரத்து மேல பாசம் பொங்குது.

முதுகுளத்தூரான்:
ஆமா, எங்கப்பா கரிமூட்டம் போட்டவர்தான். முள்ளு செருப்பத் தாண்டி ஏறும், புகையில கண்ணு ரெண்டும் செவந்து வருவார். அந்தக் காசுலதான் நான் படிச்சேன். அதுல உங்களுக்கு என்ன எரியுது? மரம் நல்லதுன்னு நான் எங்கயாவது சொன்னேனா? தூரு எங்கன்னுதானே கேக்குறேன்.

உலகம்சுற்றி:
சீனாவுல அலிபேங்கிற பணம் அனுப்புற ஆப் 2016-லயே இத செஞ்சிருச்சு. நடந்து போனா புள்ளி, போனுல மரம் வளரும், உள் மங்கோலியா பக்கம் நிஜ மரம் நடுவாங்க. 2019-ல ஐநா விருதே குடுத்தாங்க. நாம இன்னும் தூரக் கட்டிக்கிட்டு அழுறோம்.

முதுகுளத்தூரான்:
அவங்க நடுறாங்க. இவர் பிடுங்கச் சொல்றார். பிடுங்கினா தூரோட பிடுங்கணும். ஜேசிபி வாடகை மணிக்கு என்னன்னு விசாரிச்சுட்டு வாங்க.

நிரல்வேலன்:
2017-ல கோர்ட்டே வெட்டச் சொல்லுச்சு. கோர்ட்டும் தப்பா?

முதுகுளத்தூரான்:
அதே வருசம் கோர்ட்டே நிறுத்தியும் வச்சுது, ஆய்வு பண்ணிட்டு வாங்கன்னு. பாதிச் செய்தி படிக்கிறவர்தான் பாதி மரம் வெட்டுவார்.

நிரல்வேலன்:
நாலு மாசமா ராத்திரி முழிச்சு செய்றோம். உங்களுக்கு நக்கல். நீங்க ஒண்ணு செஞ்சு காட்டுங்களேன்.

முதுகுளத்தூரான்:
செய்றேனே. வெட்டின மரம் மூணாவது கட்டத்துல திரும்பத் துளுக்கணும். தூர் எடுக்காதவனுக்கு 10 புள்ளியும் போயி மேல 20 கழியணும்.

நிரல்வேலன்:
அப்படி வச்சா ரெண்டாவது கட்டத்துலயே பசங்க போனை வச்சுட்டுப் போயிருவாங்க.

முதுகுளத்தூரான்:
எங்க ஊர்லயும் அப்படித்தான் வச்சுட்டுப் போனாங்க.

பனங்காட்டு நரி:
கரி மூட்டை இப்ப என்ன விலைக்குப் போகுதுண்ணே?

முதுகுளத்தூரான்:
உங்க காத்து ஈரத்த எடை போட்டுக் கொண்டு வாங்க, விலை சொல்றேன். தம்பி நிரல்வேலா, தூருக்கு இன்னும் பதில் வரல.