காட்டு யானைகளை ‘மந்தை’ என்று எழுதலாமா?

வனநடை:
கானுயிர்க் கட்டுரைகளில் ‘யானை மந்தை’ என்று படிக்கும்போதெல்லாம் உறுத்துகிறது. காலையில் ஓட்டிச் செல்லவும் பொழுது சாய்ந்ததும் பட்டியில் அடைக்கவும் ஆள் இருக்கும் கால்நடைக் கூட்டமே மந்தை. அவற்றை ஒன்றுசேர்க்கும் ஊர்ப் பொதுவெளிக்கும் அதே பெயர்தான். சென்னை மந்தைவெளியின் பெயரில் அது இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மூத்த பெண் யானை வழிநடத்த, அதன் மகள்களும் பேரக் கன்றுகளுமாக முதுமலையில் நடந்து செல்லும் ஓர் இனத்துக்கு அச்சொல் எப்படிப் பொருந்தும்? ஆங்கிலத்தில் மாட்டுக்கும் யானைக்கும் ‘herd’ என்ற ஒரே சொல் இருப்பதால் வந்த வினை இது.

நிகண்டுப்பித்தன்:
ஆங்கிலத்தின் மீது பழி போடுவது எளிது. தொல்காப்பியத்தில் மரபுப் பெயர்களைத் தொகுக்கும் மரபியல் என்ற பகுதியைப் பாருங்கள்: யானை, குதிரை, கழுதை, கடமை (ஒரு காட்டு விலங்கு), மான் ஆகிய ஐந்தின் இளமைக்கும் ‘கன்று’ என்ற பெயர் உரியது என்கிறது. கழுதைக்கும் காட்டு மானுக்கும் ஒரு பெயரைப் பொதுவாக வைக்கத் தயங்காத மொழியில், மந்தை மட்டும் காட்டின் எல்லையைத் தாண்டக் கூடாதா? நீங்கள் பரிந்துரைக்கப் போகும் ‘கூட்டம்’ கட்சிக்கும் உண்டு, பேருந்துக்கும் உண்டு.

வனநடை:
கன்று என்பது பிறப்பைக் குறிப்பது. மந்தை மேய்ப்பைக் குறிப்பது. அதே மரபியல் இளமைப் பெயர்களையும் ஆண், பெண் பெயர்களையும் வரிசையாகத் தந்தும், விலங்குக்கு ஒன்றாகக் கூட்டப் பெயர்ப் பட்டியல் தரவில்லை என்பதைக் கவனியுங்கள். நம் சொற்கள் பெரும்பாலும் அந்தக் கூட்டம் என்ன செய்கிறது என்பதிலிருந்து பிறந்தவை. ஊர்ந்து செல்லும் எறும்புகள் சாரை. வெட்சிப் பூச்சூடிய மறவர் பகைவரிடமிருந்து கவர்ந்து சென்றது ஆநிரை, அதாவது நிரையாக நடக்கும் மாடுகள்.

கிடைக்காரர்:
இராமநாதபுரம் பக்கத்து ஆட்டிடையர்களான கீதாரிகளைக் கேட்டால் இது இன்னும் தெளிவாகும். பகலில் மேயும் அதே ஆடுகள், அறுவடை முடிந்த வயலில் இரவு அமர்த்தப்பட்டால் கிடை ஆகின்றன. அவற்றின் புழுக்கையும் மூத்திரமும் நிலத்துக்கு உரமாகும் என்பதால், நிலத்துக்காரர் பணமோ நெல்லோ கொடுத்துக் கிடை போடச் சொல்வார். ஆடு மாறவில்லை, வேலை மாறியதால் பெயர் மாறுகிறது. 2020இல் பெருந்தொற்றின்போது ‘herd immunity’ என்பதை ‘மந்தை எதிர்ப்பாற்றல்’ என்று சிலர் எழுதியது பலருக்குக் கசந்ததற்கும் காரணம் இதுவே. மேய்ப்பவனை மனத்தில் கொண்டுவராமல் அச்சொல்லைப் படிக்க முடியாது.

நிகண்டுப்பித்தன்:
கசந்தாலும் புரிந்ததல்லவா? செய்கைதான் அளவுகோல் என்றால், யானைக்கு என்ன சொல் தருவீர்கள்? ‘குடும்பம்’ என்றால், பருவம் வந்ததும் தாயை விட்டுப் பிரிந்து, சில வேளைகளில் மட்டும் ஒன்றாகத் திரியும் ஆண் யானைகளை எதில் சேர்ப்பது?

வனநடை:
அதனால்தான் கூட்டம் என்கிறேன். தாய்வழிக் குடும்பத்தையும் தற்காலிகமாகச் சேர்ந்த களிறுகளையும் அது ஒருசேரத் தாங்கும். வேறுபாடு தேவைப்படும் இடத்தில் ‘களிற்றுக் கூட்டம்’ என்று எழுதினால் போதும். பள்ளிப் பாடங்களிலும் ஆட்டு மந்தை, யானைக் கூட்டம் என்றே பிரித்துக் கற்பிக்கிறார்கள்.

நிகண்டுப்பித்தன்:
பாடநூல் வழக்கைக் காட்டும், வழக்கை விலக்காது. ‘காட்டுமாட்டு மந்தை’ என்று மலையோரத்து மக்களே சொல்லும் நாளில், அவர்களைத் திருத்துவதற்கு நான் வர மாட்டேன்.