மறு: திட்ட நூலகமா, நிரலகமா? வெள்ளிக்குள் சொல் வேண்டும்

திங்கள் காலை, மா. எழுதியது:

அனைவருக்கும் வணக்கம்.

பைத்தான் என்ற நிரலாக்க மொழியின் ஆவணத்தில் மொழியின் இலக்கணத்துக்கு ஒரு கையேடும், மொழியோடு கூடவே வரும் ஆயத்த நிரல்களுக்கு இன்னொரு கையேடும் தனித்தனியாக உண்டு. இரண்டாவதை மாணவர்களுக்காகத் தமிழாக்குகிறோம். 'ஸ்டாண்டர்ட் லைப்ரரி ரெஃபரன்ஸ்' என்ற தலைப்பில் மூன்று சொற்கள், மூன்றிலும் தகராறு.

கணக்குப் பாடத்தில் 'ஸ்டாண்டர்ட்' என்பதற்குத் திட்ட விலக்கம், திட்ட வடிவம் எல்லாம் இருக்கிறதே என்ற தைரியத்தில் 'திட்ட நூலகக் குறிப்பு' என்று போட்டிருந்தேன். நேற்று ஒரு மாணவி படித்துவிட்டு, "எந்தத் திட்டத்தோட நூலகம் மிஸ்? நாங்க புராஜெக்டுக்கு எழுதுறதா?" என்று கேட்டாள். சொந்தமாக எழுதியதற்கு நேர் எதிரான பொருளைச் சொல்ல வந்த சொல் அது! 'குறிப்பு'க்கும் அதே கதிதான். சி++ பாடத்தில் மாறியின் மாற்றுப்பெயருக்கு ஏற்கெனவே குறிப்பு என்று எழுதி வைத்திருக்கிறோம்.

வெள்ளிக்கிழமை கலைச்சொல் பட்டியலைப் பூட்டியாக வேண்டும். தலைப்பு எல்லாப் பக்கத்தின் மேல்பட்டையிலும் வரும், பிறகு மாற்றுவது பெரும்பாடு.

மா.

---

திங்கள் மாலை, செ. எழுதியது:

அம்மா, சிக்கல் முதற்சொல்லில் இல்லை, நடுச்சொல்லில். நூல் இருக்கும் இடம் நூலகம். நிரல் இருக்கும் இடம் நிரலகம். இதற்குமேல் என்ன விளக்கம் வேண்டும்?

இன்னொன்று. ஒரு நிரலுக்குள் ஒரே நேரத்தில் ஓடும் வேலைத்தொடர்களில் ஒன்றான 'திரெட்' என்பதற்கு இழை என்று வைத்திருக்கிறோம். நன்னூல் பாயிரத்தைப் பாருங்கள்:

> பஞ்சிதன் சொல்லாப் பனுவல் இழையாக

சொல் பஞ்சு, பனுவல் இழை, புலவன் நூற்பவள், வாய் கை, மதி கதிர். இப்படித்தான் நூல் முடிகிறது. ஆக, இழையும் நூலும் ஒரே தறியில் கிடப்பவை. 'இழை நூலகம்' என்று எழுதினால் நெசவாலைக் கிடங்கு போல இருக்கிறது. கதிர் என்ற சொல்லைப் பற்றியும் நிறையச் சொல்லலாம். சுழல்வதால்தான் அது

(நீளும் என்பதால் தனி இழையில் எழுதுகிறேன். எந்த இழை என்று கேட்காதீர்கள்.)

செ.

---

செவ்வாய் காலை, அ. எழுதியது:

செ. ஐயா, நூலகம் என்பது இங்கே வெறும் உவமை இல்லை. கேம்பிரிட்ஜில் எட்சாக் கணினி 1949 மே 6 அன்று முதல் நிரலை ஓட்டியது. அதற்கான துணைநிரல்களைக் காகித நாடாவில் துளையிட்டு, பெட்டியில் அடுக்கி வைத்திருந்தார்கள். வேண்டியதை எடுத்து, தன் நாடாவில் படியெடுத்துக்கொண்டு, திரும்ப அதே இடத்தில் வைத்துவிட வேண்டும். அச்சு அசலாக நூலகம்தான். 1951இல் வில்க்ஸ், வீலர், கில் மூவரும் எழுதிய நிரலாக்க நூலின் ஒரு பகுதி முழுக்க அந்தத் துணைநிரல்களின் விவரப் பட்டியல். நாம் இப்போது தலைப்புத் தேடும் வகைப் புத்தகத்துக்கு அதுதான் பாட்டி.

அப்படிப் பார்த்தால், நூலகத் தொகுதியை நம் நிரலுக்குள் வரவழைக்கும் 'இம்போர்ட்' என்பதற்கு இறக்குமதி என்கிறோமே, அதுதான் தப்பு. நூலகத்திலிருந்து யாராவது இறக்குமதி செய்வார்களா? இரவல் வாங்குவார்கள். நூலக நிரலை நம் நிரலோடு நிலையாகப் பிணைப்பது வீட்டுக்குப் படியெடுத்துப் போவது, நிரல் ஓடும்போது மட்டும் பிணைப்பது அங்கேயே உட்கார்ந்து படிப்பது.

அ.

---

செவ்வாய் காலை, செ. எழுதியது:

தம்பி, அந்த நாடாவும் நூலல்லவே.

செ.

---

செவ்வாய் இரவு, ந. எழுதியது:

மா. அக்காவுக்கு: உங்கள் திட்ட விலக்கம் எங்களுக்கு நியம விலகல். இலங்கையில் படித்தவர்களுக்கு 'நியம நூலகம்' என்றால் உடனே விளங்கும், புராஜெக்ட் குழப்பமும் இல்லை. ரெஃபரன்சுக்கு உசாத்துணை இருக்கிறது. அதைவிட நல்ல சொல் கிடையாது. பைத்தான் ஆவண முகப்பிலேயே நெடுநாளாக இந்தக் கையேட்டுக்குப் பக்கத்தில் 'தலையணைக்கு அடியில் வைத்துக்கொள்ளுங்கள்' என்றுதானே போட்டிருந்தார்கள்? துணை என்ற சொல் அந்த நெருக்கத்தைக் காட்டுகிறது.

ந.

---

புதன் காலை, செ. எழுதியது:

நியமம் வடசொல். செம்மையும் தரமும் சேர்ந்த செந்தரம் இருக்கையில் அது எதற்கு? உசாத்துணை நன்று. ஆனால் தொல்காப்பியர் 'உசாவே சூழ்ச்சி' என்கிறார். அவர் காலத்தில் சூழ்ச்சி ஆராய்ச்சி. இன்றைய மாணவன் அகராதி பார்த்தால் சதிக்குத் துணை போவதாக நினைப்பான்.

செ.

---

புதன் நண்பகல், வெ. எழுதியது:

சொற்களைத் தொகுத்துப் பொருள் சொல்லும் பழைய நூலான நிகண்டைப் பற்றி யாரும் பேசாதது வியப்பு. நான் கணினிக்காரன் இல்லை, மா. அனுப்பிய பொருளடக்கத்தை மட்டும் பார்த்தேன். உரைச் சேவைகள், தரவு வகைகள், எண்ணும் கணிதமும் என்று பொருள்வாரியாக அடுக்கியிருக்கிறார்கள். திவாகரமும் சூடாமணியும் அப்படித்தான்: தெய்வப்பெயர், மக்கட்பெயர், விலங்கின்பெயர் என்று ஆளுக்குப் பன்னிரண்டு தொகுதி. 'மாட்யூல்' என்பதற்கு நீங்கள் எழுதும் சொல்லும் தொகுதிதானே! கடைசியில் எழுத்து வரிசையில் ஒரு பட்டியல் சேர்த்திருக்கிறீர்கள். அது 1594இல் வந்த அகராதி நிகண்டு. ஆகவே 'செந்தர நிகண்டு' என்பதே பொருந்தும்.

வெ.

---

புதன் நண்பகல், செ. எழுதியது:

நிகண்டும் வடசொல்லே. உரிச்சொற்பனுவல் என்க.

செ.

---

புதன் இரவு, அ. எழுதியது:

வெ. ஐயா, ஒப்புமை அருமை. ஆனால் 'உரிச்சொற்பனுவல்' என்று மேல்பட்டையில் பார்த்தால் என் வகுப்பில் பாதிப் பேர் தமிழ்த் தேர்வு என்று பயந்து பக்கத்தை மூடிவிடுவார்கள்.

செந்தரம் பற்றி ஒரு சந்தேகம். சி மொழிக்கு அது சரி. 1989இல் அமெரிக்கத் தர நிறுவனமான அன்சி, 1990இல் பன்னாட்டுத் தர அமைப்பான ஐசோ என்று முறையாகத் தரப்படுத்தினார்கள், நூலகமும் அதே ஆவணத்துக்குள் வருகிறது. பைத்தானுக்கு அப்படி ஐசோ ஆவணம் இல்லை. அங்கே ஸ்டாண்டர்ட் என்றால் நிறுவும்போது கூடவே வருவது, அவ்வளவுதான். செம்மை, தரம் எல்லாம் அதில் இல்லை. 2024இல் வந்த 3.13 பதிப்பில் டெல்நெட்லிப், சிஜிஐ உட்பட 19 தொகுதிகளைத் தூக்கி எறிந்தார்கள். 'உடன்வரு நூலகம்' என்றால் என்ன?

(பழையன கழிதலும் என்று யாராவது தொடங்கும் முன் நானே சொல்லிவிட்டேன். நன்னூல் 462.)

அ.

---

வியாழன் காலை, க. எழுதியது:

தலைப்பை வைத்தே நான்கு நாளாகச் சண்டை போடுகிறோம். யாரும் ஒரு வாக்கியத்தில் போட்டுப் பார்க்கவில்லை. நான் மூன்று பக்கத்தில் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தேன்.

"இந்தத் தொகுதி உடன்வரு நூலகத்துடன் வரும்." கேட்கவே சகிக்கவில்லை. வரும், வரும்.

"இழைகளைக் கையாள நிரலகத்தில் உள்ள தொகுதி." ஓடுகிறது. ஆனால் எழுதிய நிரலும் நிரல், அது குடியிருப்பதும் நிரலகம் என்பதால், 'உங்கள் நிரலில் நிரலகத்தின் நிரலை அழைக்க' என்று ஓர் இடத்தில் நாக்குப் புரண்டது.

அப்புறம் தேடல். நம் தளத்தின் தேடுபெட்டி எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுகிறது. 'நூலகம்' என்று தேடினால் 'நூலகத்தில்' கிடைக்காது, மகரம் கெட்டு அத்துச்சாரியை வந்துவிடுகிறது. நிரலகத்துக்கும் இதே நோய். கையேடு, கையேட்டில் என்று இரட்டித்துவிடுகிறது. உசாத்துணையில், உசாத்துணையை என்று சொல் உடையாமல் நிற்பது உசாத்துணைதான். அதைவிட நன்றாக நிற்பது லைப்ரரி. லைப்ரரியில், லைப்ரரியை, லைப்ரரிக்கு. அதைப் போடுங்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் வகுப்பில் எல்லாரும் அதைத்தான் சொல்கிறோம், இங்கே எழுதும்போது மட்டும் மறைக்கிறோம்.

க.

---

வியாழன் காலை, செ. எழுதியது:

வடசொற் கிளவிக்கே வடவெழுத்தை ஒருவச் சொன்னார் தொல்காப்பியர். லைப்ரரிக்கு ஒருவ எதுவும் இல்லையே, அத்தனையும் தமிழ் எழுத்து! அதுதான் அதன் ஆபத்து.

செ.

---

வெள்ளி மாலை, மா. எழுதியது:

பட்டியலைப் பூட்டிவிட்டேன். கை தூக்கியவர்களில் ஐந்து பேர் செந்தர நூலகம், மூவர் நியம நூலகம், இருவர் நிரலகம். நிகண்டுக்கு வெ. ஐயா மட்டும். உசாத்துணையா கையேடா என்பதில் சமம். பல பேருக்குப் பழகியது என்பதால் கையேடு என்று நானே முடிவு செய்தேன், திட்டுவதானால் என்னைத் திட்டுங்கள். தேடுபெட்டியை 'நூலக' வரைக்கும் ஒப்பிடச் சொல்லி க. மாற்றித் தருகிறார். நியமம், நிரலகம் இரண்டும் சொல்லடைவில் 'என்றும் வழங்கும்' என்று வரும்.

மா.

---

வெள்ளி மாலை, ந. எழுதியது:

சரி அக்கா. எங்கள் பிள்ளைகள் செந்தரத்துக்குச் சொல்லடைவைத் திறக்கத்தான் வேண்டும். அங்கே நியமம் இருக்கும்.

ந.

---

வெள்ளி இரவு, மா. எழுதியது:

பக்கம் ஏறிவிட்டது. கைப்பேசியில் திறந்தால் மேல்பட்டையில் தலைப்பு அடங்கவில்லை. 'செந்தர நூலகக் கை…' என்று நிற்கிறது. எழுத்தைச் சிறிதாக்கினால் ஒற்றுப்புள்ளி தெரியவில்லை. என்ன செய்யலாம்?

மா.

---

வெள்ளி இரவு, செ. எழுதியது:

'நிரலகம்' மட்டும் போட்டால் அடங்கும். ஐந்தே எழுத்து.

செ.