சுக்குமல்லிக் காபி: தொண்டை எரியுது, பால் திரியுது

கேள்வி: மார்கழிக் குளிருக்குச் சுக்குமல்லிப் பொடியை வீட்டிலேயே அரைக்கிறோம். சுக்கும் மல்லியும் சம அளவு. குடித்தால் தொண்டை எரிகிறது, பால் ஊற்றினால் திரிந்துபோகிறது. சரியான அளவு என்ன?

பதில் 1: சம அளவுதான் தப்பு. சுக்கு 50 கிராம் என்றால் மல்லி 100 கிராம், மிளகு 1 டீஸ்பூன், ஏலக்காய் 5. சுக்கைத் தோல் சீவி உரலில் தட்டிக்கொள்ளுங்கள். ‘சுக்குக்குப் புறம் நஞ்சு’ என்று சும்மாவா சொன்னார்கள்? முழுசாக மிக்ஸியில் போட்டால் பிளேடு போய்விடும். மல்லியை வாசம் வரும்வரை வறுத்தால் போதும், கருகினால் கசக்கும்.

பதில் 2: பால் திரிவது கருப்பட்டியால். 2 டம்ளர் தண்ணீருக்குப் பொடி 2 டீஸ்பூன், கருப்பட்டி 40 கிராம். ஒன்றரை டம்ளராக வற்றியதும் இறக்கி வடிகட்டி, 5 நிமிடம் ஆறவிட்டுக் காய்ச்சிய பாலைச் சேருங்கள். மறுபடி அடுப்பில் ஏற்றாதீர்கள். என்னைக் கேட்டால் பாலே வேண்டாம்.

பதில் 3: கருப்பட்டியில் மண் இருக்கும், வடிகட்டினாலும் அடியில் கொஞ்சம் தங்கும், கடைசி மடக்கை விட்டுவிடுங்கள். துளசி போடுவதானால் இறக்கிய பின் 5, 6 இலை கிள்ளிப் போட்டு மூடுங்கள். கொதிக்கவிட்டால் வாசம் ஆவியோடு போய்விடும். நெஞ்செரிச்சல் உள்ளவர்கள் வெறும் வயிற்றில் குடிக்க வேண்டாம்.